பூஜ்ய முனை

நான் பிடித்தது எப்போதும் பூஜ்ய முனையை.
எண்களை வாசித்தவள் பிரசிடெண்டு.

அஞ்செட்டிப் பக்கம் பிறந்து
இங்கே வாக்கப்பட்டவள் கெம்பம்மா.
பதவியேற்ற மறுநாள் காலை
ஆபீஸ் பீரோவைத் திறந்து கேட்டாள்:
“டேப்பு எங்க?”
ஊராட்சி தோன்றிய நாளாய்
அப்படியொன்று வாங்கியதில்லை.
மதியம் காவேரிப்பட்டணம் போய்
நூறடி டேப்பு வாங்கி வந்தாள், தன் காசில்.
ரசீதை நீட்டினாள்:
“ஃபைல்ல போடு. பணம் கேக்கறதுக்கில்ல.”

முதலில் மாங்கூழ் ஃபேக்டரி.
எங்கள் வரிப் பதிவேட்டில் பதினெட்டு வருஷமாய் அது
‘ஓட்டுக் கொட்டகை, அறுநூறு சதுர அடி.’
“டீ குடிங்க மேடம்” என்றார் மேனேஜர்.
“அளந்துட்டு.”
கொதிகலன் சுவரோரம்,
புளித்த தோல் வழுக்கும் சிமெண்டுத் தரையில்,
நான் குனிய அவள் நடக்க,
நான் குனிய அவள் நடக்க,
நாற்பத்தோராயிரத்து இருநூறு.
டீ ஆடை கட்டியிருந்தது. குடித்தாள்.

சாயங்காலம் பதிவேட்டைப் புரட்டினாள்.
அந்த அறுநூறின் மேல் விரல் நின்றது.
என் கையெழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாயும்,
ஊருக்கே தெரியும்.
பக்கத்தைத் திருப்பினாள்.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு கிரேட்டு.
கொட்டை எடுக்கும் பெண்களுக்குக்
கூலி கிரேட்டுக் கணக்கு.
மாம்பால் பட்டு விரலிடுக்கு வெந்த பெண்கள்.
ஒரு கிரேட்டு இருபது கிலோ என்று பலகை சொன்னது,
இருபத்தாறு என்றது ரேஷன்கடைத் தராசு.
முதலாளி சேலத்திலிருந்து காரில் வந்தார்.
“கேட்டைப் பூட்டிடுவேன்.”
“பூட்டுங்க. பழம் நிக்குமா?”
வெளியே பெங்களூரா ஏற்றிய லாரிகள்
ஹைவே வரைக்கும், வெயிலில்.
மூன்றாம் நாள் இருபத்திரண்டில் முடிந்தது.
இருபது இல்லை, இருபத்திரண்டு.
பெண்கள் கைதட்டவில்லை.
விரல் மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு
ஷிஃப்டுக்குள் போனார்கள்.

கரடு அப்படி முடியவில்லை.

ஏரிக்கு மேற்கே குருவிக்கல் கரடு,
அதன் பாதி ஏற்கெனவே கன்டெய்னர் ஏறிவிட்டது.
மிச்சத்துக்குக் குத்தகை கேட்டிருந்தார்கள்.
கிராம சபையில் எழுந்து நின்றவன்
அவள் கொழுந்தன் திம்மராயன்,
கம்ப்ரசர் பிடித்த பன்னிரண்டு வருஷத்தில்
ஒரு காது போனவன்.
“கல்லுக்கு ஓட்டு இருக்கா அண்ணி?
எங்களுக்கு இருக்கு.”
கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.
“இருக்கு. அதனாலதான்
உன்னை உக்காரச் சொல்ல மாட்டேன்.
பேசு.”
பேசினான். முக்கால் மணி நேரம்.
வட்டி, மகளின் நர்சிங் ஃபீஸ்,
ஏரித் தண்ணியை வச்சு எத்தனை பேர் நடவு போட்டீங்க
என்றெல்லாம்.
அதில் பொய்யாக ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.
அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு.
கரட்டைத் தொடக்கூடாது என்று
தீர்மானம் எழுதினேன், சாயாமல் எழுத முயன்று.

மாசியில் திம்மராயன் குடும்பம்
பொம்மசந்திராவுக்குக் கட்டட வேலைக்குப் போனது.
பஸ்ஸடியில் மூட்டை தூக்கிக் கொடுத்தாள் கெம்பம்மா.
அவன் கேட்கும் காதைத் திருப்பவில்லை.

ஏரிக்கும் கரட்டுக்கும் எத்தனை அடி என்று
மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தது.
போனோம்.
அடிவாரத்தில், வெட்டிய கல் ஒன்று
சிவப்பு பெயிண்ட் எண்ணோடு கிடக்கிறது.
விற்கவும் முடியாது,
எடுத்த இடத்தில் வைக்கவும் முடியாது.
அதன்மேல் ஓணான்.
மதகடியில் நான் முனையைப் பிடித்தேன்.
காற்றில் டேப்பு விம்மியது.
பிடித்த இடத்தில் தகடு கழன்று
பூஜ்யம் என் கையோடு வந்துவிட்டது.

“பிரசிடெண்டு, முனை போச்சு!”

தூரத்திலிருந்து, குனிந்தபடியே:
“ஒண்ணுல இருந்து பிடி.
கடைசியில ஒரு அடி கழிச்சிக்கலாம்.”